இங்கிலீஷில் மட்டும் கேட்ட மன்னிப்பு

இன்று காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிர் சீட்டில் கம்பெனிச் சீருடை போட்ட பெண்கள். எல்லார் காதிலும் வயர். ஒருத்திக்கு போன் வந்தது. "எப்பம்மா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். போன் மடியில் விழுந்தது. வண்டி ஒரகடம் ரோட்டில் வேகம் எடுப்பதற்குள் அவள் வாய்விட்டு ஆரம்பித்துவிட்டாள். ஒப்பாரி. தெற்கத்திப் பெண், இழுப்பும் வேறு, சொற்களும் வேறு. ஆனால் அடி முடிகிற இடத்தில் குரலைச் சட்டென்று கீழே இறக்கி, மூச்சோடு விட்டுவிடுகிற அந்த விதம் அப்படியே உன்னுடையது.

டிரைவர் பாட்டை நிறுத்தினான். பெண்கள் காதிலிருந்து வயரைக் கழற்றினார்கள். ஓரத்தில் இருந்த ஆள் மட்டும் முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது, வண்டியில? வூட்டுக்குப் போயி அழக்கூடாதா?"

"அழுவறதுக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்? உங்கிட்டயா?"

கேட்டது நான்தான். அந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டார். கேட்ட பிறகுதான் அது உன்னுடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. குரல்கூட உன் குரல் மாதிரியே கரகரத்தது.

அந்தப் பெண்ணைத் திருப்பி ஸ்டேஷனுக்கே கூட்டிப்போய் செங்கல்பட்டு வண்டியில் ஏற்றினேன். "அக்கா, ஷிஃப்டுக்குச் சொல்லணும்" என்று அப்போதும் பதறினாள். "நான் சொல்லிக்கிறேன், நீ உங்கப்பாவைப் பாரு" என்று அனுப்பிவிட்டு, விடுதிக்கு வந்தேன். இந்தப் பெண்களின் விடுதி ஒன்றில்தான் இப்போது எனக்கு வார்டன் வேலை. கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நீ. உயிரோடு இருந்தாலும் "படிச்சுக் காட்டுடி" என்றுதான் சொல்லியிருப்பாய்.

செத்துப்போன தோழிக்கு எழுத உட்கார்ந்தால் அன்பு முதலில் வர வேண்டும். எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அது ஆறிவிடக் கூடாதென்று இத்தனை வருடம் கவனமாகப் பார்த்துக்கொண்டவள் நான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உன் அம்மா செத்த அன்றைக்கு நீ காலனித் தெருவின் நடுவில் உட்கார்ந்து பாடினாய்.

*நாத்து நட்ட கையிலே நகம் தேஞ்சு போச்சுதம்மா*
*சேத்து வச்ச பேரு மட்டும் சேரியெல்லாம் நிக்குதம்மா*

நம் சபையில் ஒப்பாரி கூடாது. உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லாதவர்கள்தான் மாரடித்துக்கொண்டு அழுவார்கள் என்பது செயலாளரின் சட்டம். சபைக்குச் செயலாளர், மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர், ஊர்த்தெருக் கிறிஸ்தவர், மூன்றும் அவரே. அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். அவர் காலனிக்குள் காலெடுத்து வைக்காமல், தெருமுனையில் நின்றே சொல்லி அனுப்பினார்: "அவளை நிறுத்தச் சொல். நிறுத்தினால்தான் பாதிரி ஐயர் ஜெபம் பண்ண வருவார்."

நீ நிறுத்தவில்லை. அழுவதற்கு யாரிடம் பர்மிஷன் வாங்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாய். ஐயர் பாதி வழியிலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். பெயருக்குக்கூட ஒரு ஜெபம் இல்லாமல் உன் அம்மாவை மண்ணில் வைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் இல்லை என்றாகிவிட்டது. எல்லாரும் முன்னே போய் முழங்காலிடும்போது நீ கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பாய். ஆனாலும் ஒரு வாரம் தவறாமல் வருவாய். "அவன் வூடா இது? சாமி வூடு" என்பாய்.

பிறகு தொண்ணூற்றொன்று வந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. நம் ஊர்ப் பக்கத்தின் பெயர் உலகம் முழுக்கப் பேப்பரில் வந்தது. அதன்பிறகு மாதக்கணக்கில் ஜீப்பும் விசாரணையுமாக இருந்தது. புதுமுகம் யார் வந்தாலும் யார், எவர் என்று கேட்டார்கள். அந்த நேரத்தில்தான் நியூசிலாந்திலிருந்து ஒரு சபைப் பெண் நம் ஊருக்கு வந்தார். ஊழியத்துக்காகச் சபைக்குச் சபை ஆள் அனுப்பிக்கொள்வார்களே, அப்படி. மாவோரி இனத்துப் பெண். அந்த நாட்டில் வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற ஜனம் அவர்கள். தன் பெயர் மெரே என்றும், மேரி என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்றும் சொன்னார். நமக்கு மேரியம்மா ஆகிவிட்டார். இங்கிலீஷ் தெரிந்தவள் என்பதால் என்னைக் கூடவே இருக்கச் சொன்னார் செயலாளர்.

பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியதும் நீ என் காதில் சொன்னது மறக்குமா?

"இன்னாடி, வெள்ளைக்காரம்மா வராங்கன்னு சொன்ன? நம்ம கலர்ல கீறாங்களே!"

அவர் என்னிடம், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அப்படியே சொன்னேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார்.

ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தபோதுதான் உன் குரலை அவர் கேட்டார். சபை உன்னை ஒதுக்கிவைத்திருந்தாலும், இந்து வீடுகளில் சாவு என்றால் உன்னைத்தானே கூப்பிடுவார்கள்? மேரியம்மா குரல் வந்த திசையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முடிந்த பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டார். உன் முழங்கையில் இருந்த பச்சையை விரலால் தடவி, தன் அம்மாவுக்குத் தாடையில் இப்படிக் குத்தியிருந்தது என்றார். அதுவும் பாவம் என்று சபைக்காரர்கள் சொன்னார்களாம்.

"எங்க ஊர்ல, பொது மைதானத்துக்கு யாராவது வந்தா, மொதல்ல ஒரு பொம்பளைதான் கூப்பிடணும்" என்று அவர் சொன்னதை உனக்குச் சொன்னேன். "அவ கூப்பிடற வரைக்கும் எவ்ளோ பெரிய ஆளானாலும் வாசல்லயே நிக்கணும். கூப்பிடும்போது செத்தவங்களையும் சேர்த்துக் கூப்பிடுவாங்களாம். நம்ம செத்தவங்க, வரவங்களோட செத்தவங்க, ரெண்டு பேரையும்."

நீ யோசித்தாய். "கூப்பிட்டா வருவாங்களாமா?"

மேரியம்மா சிரிக்கவில்லை. "வராங்களோ இல்லையோ, கூப்பிடாம வுடறதுதான் தப்பு" என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள்ளேயே நீ தலையாட்ட ஆரம்பித்துவிட்டாய்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் பள்ளிக்கூட வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். அவர்களுடைய தேசிய நாள் பிப்ரவரியில் வருமாம். மாவோரித் தலைவர்களும் ராணியின் ஆட்களும் ஒப்பந்தம் போட்ட நாள். அந்த ஒப்பந்தத்தை மாவோரி மொழிக்கு மாற்றியவர் ஒரு மிஷனரி. இரண்டு மொழியிலும் இரண்டு விதமாக இருந்தது அது. மேரியம்மா சொன்னதை நான் உனக்கு இப்படிச் சொன்னேன்:

"கையெழுத்து போட்டது அவங்க மொழியில. நிலத்த எடுத்துக்கினது இங்கிலீஷ்ல."

"அட பாவிங்களா" என்றாய். "சபைக்காரங்களேவா?"

சபைக்காரர்களேதான். ஆனால் இப்போதெல்லாம் அந்த நாளில் சபைக்காரர்கள் வருகிறார்களாம். வாசலில் நின்று, பெண் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து, தங்கள் முன்னோர் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்களாம். விடியற்காலையில் சேர்ந்து ஜெபம் பண்ணுகிறார்களாம். சண்டையும் நடக்கிறதாம், அழுகையும் நடக்கிறதாம்.

"நிலத்த திருப்பிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாய்.

மேரியம்மா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, துளி இடைவெளி காட்டினார். நீங்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அப்போது புரியவில்லை.

இதெல்லாம் செயலாளர் காதுக்குப் போனது. அவருக்கு ஒரே மகன். அவனை மேரியம்மாவின் நாட்டுக்குப் படிக்க அனுப்ப வேண்டும், அதற்கு அந்தச் சபையின் சிபாரிசு வேண்டும். விருந்தாளிக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தவருக்கு உன் ஒப்பாரி பிடித்துப்போயிற்று. சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் கொடியேற்றிவிட்டு, மே மாதத்தில் செத்தவர்களுக்காக நினைவு ஜெபம் வைக்கலாம், அதில் நீ பாட வேண்டும் என்று ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்குத்தான் உன்னை முதல் தடவையாக "சகோதரி" என்றார். நாற்காலியையும் காட்டினார்.

நீ உட்காரவில்லை. "பாடறேன் ஐயா. ஆனா எங்கம்மாவுக்கு ஜெபம் பண்ணாம வுட்டது தப்புன்னு நீங்க சொல்லணும். எனக்குத் திருவிருந்து தராதது தப்புன்னு சொல்லணும். இங்க ரூமுக்குள்ள வேணாம். எல்லார் முன்னாடியும், மைக்குல."

அவர் முகம் சிவந்தது. பக்கத்தில் மேரியம்மா இருந்தார். "கட்டாயம் சொல்கிறேன். கிறிஸ்தவனுக்கு அதுதான் அழகு" என்றார். வெளியே வந்ததும் நீ என் கையைக் கிள்ளினாய். "பாத்தியாடி? கேட்டா கெடைக்குது."

அந்த ஆகஸ்ட் பதினைந்து. கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள். ஊர்த்தெரு, காலனி, இந்து, கிறிஸ்தவர், எல்லாரும் வந்திருந்தார்கள். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு மேடையேறினாய். மேடையில் மைக்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாய். எல்லாரும் பெரிய தலைவரைப் பற்றிப் பாடுவாய் என்று எதிர்பார்த்தார்கள். நீயோ பேர் தெரியாதவர்களைப் பாடினாய்.

*கூட்டம் பார்க்கப் போனவங்க கூடு வந்து சேரலியே*
*சோறு போட்டு மூடி வச்ச சட்டி இன்னும் தெறக்கலியே*

மைதானம் அப்படியே நின்றுவிட்டது. பந்தோபஸ்துக்கு வந்த ஒரு பெண் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். முதல் வரிசையில் செயலாளரின் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார். நீ எழுந்து நின்றாய். நான் மேடையேறி உன் பக்கத்தில் வந்து நின்றேன். செயலாளர் மைக்குக்கு வந்தார்.

முதலில் இங்கிலீஷில் பேசினார். மேரியம்மாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். நல்ல இங்கிலீஷ். இந்தச் சபை தன் சொந்த ஜனத்தின் குரலை மிதித்தது, ஒரு தாயின் அடக்கத்தை அவமதித்தது, ஒரு மகளைப் பந்தியிலிருந்து விலக்கியது, அதற்காக வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறோம் என்றார். மேரியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். "சொல்றாருடி, எல்லாத்தையும் சொல்றாரு" என்றேன். உன் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் தமிழில் பேசினார்.

"அன்பானவர்களே, இந்தச் சகோதரி பல வருடமாக இந்தப் பழைய பழக்கத்தில் கட்டுண்டு கிடந்தார். வெளிநாட்டு அம்மா கேட்டுக்கொண்டதால் இன்றைக்கு ஒரு நாள் அனுமதித்தோம். இன்றோடு இதை விட்டுவிடுவதாக நம்மிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவரைச் சபை மன்னித்து ஏற்றுக்கொள்கிறது. கை தட்டுங்கள்."

தட்டினார்கள். மேரியம்மாவும் தட்டினார், மன்னிப்பைத்தான் தமிழில் சொன்னார் என்று நினைத்துக்கொண்டு.

நீ அசையவில்லை. "நான் எப்ப வாக்குக் குடுத்தேன்?" என்று என்னைத்தான் கேட்டாய், குழந்தை மாதிரி. நான் மைக்கைப் பிடுங்கினேன். சொன்னது ஒவ்வொரு சொல்லும் இப்போதும் நாக்கில் இருக்கிறது.

"ஐயா இங்கிலீஷ்ல வேற சொன்னாரு, தமிழ்ல வேற சொல்றாரு. இங்கிலீஷ்ல சொன்னது இதான்: இவங்கம்மா சாவுக்கு ஜெபம் பண்ணாதது சபையோட தப்பு. இவளுக்குத் திருவிருந்து தராதது சபையோட தப்பு. நாங்க வெக்கப்படறோம். மன்னிச்சுக்கோங்க. இவ யாருக்கும் எந்த வாக்கும் குடுக்கல."

அப்படியே மேரியம்மா பக்கம் திரும்பி, தமிழில் அவர் என்ன சொன்னார் என்று இங்கிலீஷில் சொன்னேன். பாதியில் மைக்கை அணைத்துவிட்டார்கள். மீதியைக் கத்தினேன். செயலாளரின் முகத்தைப் பார்த்தேன். தமிழும் போய், இங்கிலீஷும் போய், வாய் திறந்தபடி நின்றார். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு நிறைகிறது. கிறிஸ்தவச்சி இப்படி எழுதலாமா என்று கேட்பாய். எழுதுகிறேன்.

மேரியம்மா மேடையேறி வந்தார். உன் நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார். அவர்கள் வணக்கம் அதுதான். பிறகு கூட்டத்துக்குத் திரும்பி, தன் மொழியில், உயர்ந்த குரலில் நீளமாக ஒரு கூப்பாடு போட்டார். யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. உனக்கு மட்டும் புரிந்தது.

"எங்கம்மாவக் கூப்பிடறாங்கடி" என்றாய்.

அடுத்த வாரம் அவர் போய்விட்டார். மகனுக்கான சிபாரிசைத் தராமலே போனார். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நாம் வழியனுப்பப் போனோம். பஸ் மறைந்ததும், "இனிமே இருக்குதுடி நமக்கு" என்றாய். இருந்தது. எனக்கு வேலை போயிற்று. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உன் குடிசை இருந்தது சபை மனையில். நீ பென்னலூர்ப் பக்கம் நடவுக்குப் போயிருந்த நாளில் செயலாளர் ஆள் விட்டுக் கூரையைப் பிரித்தார். தானே குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். நான் ஓடி வந்து கத்தியபோது, "சபைக்கு அடங்காதவர்களுக்குச் சபை நிலத்தில் இடமில்லை" என்றார். நல்ல சுத்தமான தமிழில்.

நீ சேற்றுக் காலோடு வந்தாய். வேலியோரம் அடுக்கி வைத்திருந்த சட்டி பானைகளைப் பார்த்தாய். காலனியே நீ பாடப் போகிறாய் என்று காத்து நின்றது. "இதுக்கு அழ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெரிய பானையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாய். "அழுவறது செத்தவங்களுக்கு."

சேரப்பணஞ்சேரியில் உன் சித்தி வீட்டுக்குப் போனாய். வருடங்கள் போயின. கம்பெனிகள் வந்தன. நடவு வயலெல்லாம் காம்பவுண்டு ஆயிற்று. நீ ஒரு கேன்டீனில் தட்டுக் கழுவினாய், நான் ஒரு கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உன் குடிசை இருந்த மனையைச் சபை விற்றது. இன்றைக்கு அங்கே லாரிகள் நிற்கின்றன.

உனக்கு மஞ்சள் காமாலை முற்றி, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, கண்ணெல்லாம் மஞ்சளாக, என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அவரு அதயே தமிழ்ல சொல்லியிருந்தா போதும்டி. வூடு போனாக்கூட பரவால்ல." கொஞ்ச நேரம் கழித்து, "நீ பழி கிழின்னு அலையாத" என்றாய். சரி என்று தலையை ஆட்டினேன். சாகப்போகிறவளிடம் வேறு என்ன சொல்வது?

உன்னை ஏரிக்கரையில் புதைத்தோம். சபை வரவில்லை. ஊர்த்தெரு இந்துப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் வீட்டுச் சாவுக்கெல்லாம் நீ அழுதிருக்கிறாய் அல்லவா? ஆளுக்கொரு அடி பாடினார்கள். நான் பாட வாயெடுத்தேன், குரல் வரவில்லை. அன்றைக்குத்தான் பாட்டைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். உன் சித்தியிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

சபையும் மாறியது. கம்பெனிச் சம்பளம் வந்ததும் காலனிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கமிட்டியில் நம் ஆட்கள் வந்தார்கள். என்னைப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள். செயலாளரோ பதவி போய், கிழவராகி, முதல் வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் திருப்பிக்கொள்ள மாட்டேன். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அவர் செத்த செய்தி வந்தபோது நான் ஒன்றும் பெரிதாகத் திட்டம் போடவில்லை. அவர் வீட்டு கேட்டில் போய் நின்றுகொண்டேன். பெண்கள் சங்கத்து ஆட்கள் வெள்ளைப் புடவையில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னேன்.

"ஐயா போட்ட சட்டம் தெரியுமில்ல? சபைப் பொம்பளைங்க சாவு வூட்ல வாய்விட்டு அழக்கூடாது. ஐயாவுக்கு மரியாதை பண்ணலாம். உள்ள போயி உக்காருங்க. ஒரு சத்தம் வரக்கூடாது."

வயசானவர்களுக்கு உடனே புரிந்தது. ஒருத்தி என் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

கூடம் நிறையப் பெண்கள். ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் பெண்கள் உள்ளே நுழைந்ததும் கட்டிப்பிடித்துக் கதற வேண்டும், இல்லையா? யாரும் எழுந்திருக்கவில்லை. செயலாளரின் மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஐயோ" என்று அவர் எடுத்த குரல், கூட எடுக்க ஆளில்லாமல் பாதியில் அறுந்துபோயிற்று. மறுபடி எடுத்தார். மறுபடியும் அறுந்தது. கடைசியில் என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில், "எவ்வளவு டீசன்ட்டா நடக்குது பார்" என்று பாராட்டினார்.

ஒரு பிணம் ஒரு துளி ஒப்பாரி இல்லாமல் அந்தத் தெருவைத் தாண்டியது. எனக்கு இனித்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அந்த அம்மா தனியாக விடுதிக்கு வந்தார். என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் பயந்துட்டேம்மா. என் புருஷனுக்கு அழுவ ஒருத்தரும் இல்ல. ராத்திரி தூக்கம் வரல" என்றார். "நீ பாடுவியாமே. வூட்டுக்கு வந்து ஒருதரம் பாடு."

நான் விடுதி ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கொடியேத்தற நாள் பேச்ச எழுதினதும் மொதல்ல எங்கிட்டதான் படிச்சுக் காட்டினாரு" என்றார் திடீரென்று. "இங்கிலீஷ்ல எழுதினதுக்கு அர்த்தமும் சொன்னாரு. நல்லா கீதுங்க, இதயே தமிழ்லயும் சொல்லிடுங்கன்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெடன்னாரு. நானும் சும்மா கெடந்துட்டேன்."

அத்தனை வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் உண்மை அது. எழுந்து அவரோடு போனேன். செயலாளரின் போட்டோவுக்கு மாலை போட்டு, சீரியல் பல்பு எரியவிட்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில், தரையில் உட்கார்ந்தேன். பாடினேன். உன் அம்மாவிலிருந்து ஆரம்பித்தேன். சைக்கிளைத் திருப்பிய ஐயரைப் பாடினேன். பிரித்துப் போட்ட கூரையைப் பாடினேன். மஞ்சளான உன் கண்ணைப் பாடினேன். கடைசியில் போட்டோவைப் பார்த்து இதைப் பாடினேன்:

*மன்னாப்பு கேட்ட வாயும் மாத்திச் சொன்ன வாயும்*
*மண்ணுக்குள்ள போனபின்னே எந்த பாஷ பேசுதோ*

அந்த அம்மா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். யாருக்காக அழுதார் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இது அவருக்குப் பாடினதா, அவளுக்கா?"

"அவளுக்கு."

"அவருக்கு எப்போ?"

"ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து நின்னு, எங்கிட்ட சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லுங்க. தமிழ்ல. அன்னிக்குப் பாடறேன்."

அந்த அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அறிவிப்பு நேரத்தில் முன்னால் இருக்கிற கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். எழுந்துவிடுவார் போலிருக்கும். அப்புறம் கை தளரும். பின்னால் உட்கார்ந்து நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாவம் என்று சில வாரம் தோன்றும். அப்போது உன் கடைசி வரிசை ஞாபகம் வரும், பாவம் போய்விடும்.

பழி என்று அலையாதே என்றாய். நான் அலையவில்லையடி, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். செயலாளருக்கான பாட்டு என்னிடம் தயாராக இருக்கிறது. முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை கட்டி வைத்திருக்கிறேன், நல்ல பாட்டு, நீ கேட்டால் மெச்சுவாய். அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எனக்கும்தான். அவர் வாய் திறக்கும்வரை அதைப் பாட மாட்டேன். அதுவரைக்கும் அந்த மனிதர் தனக்கு அழ ஆளில்லாமலே கிடக்கட்டும்.